மடிப்பில் முறிந்த பட்டு

அந்தப் புடவையை நான் முழுதாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அரக்கு உடல், பச்சையில் ஒரு சாண் கரை. மேல் மடிப்புகள் நான்கைப் புரட்டினேன், முந்தானையை விரித்துப் படம் எடுத்தேன், ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதி விற்றுவிட்டேன். வாங்கியவர் கோயம்புத்தூரில் ஓர் அம்மா. மகளின் வளைகாப்புக்கு அதை உடுத்திக்கொண்டு, வளையல் அடுக்கக் குனிந்தபோது, இடுப்புக்குக் கீழே மடிப்பு வாக்கில் ஒரு முழத்துக்குக் கிழிந்துவிட்டது. மாலையில் படம் அனுப்பினார். திட்டவில்லை. ‘சபையில் வைத்துக் கிழிந்துவிட்டது, அம்மா’ என்று மட்டும் எழுதியிருந்தார். பணத்தை அன்றிரவே திருப்பி அனுப்பினேன். ஆனால் அந்த ஒரு வரி இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

பட்டு உடுத்திக் கிழிவதைவிட, உடுத்தாமல் கிடந்து முறிவதுதான் அதிகம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்தால், மடிப்பு விழுந்த கோட்டில் இழை இற்றுப்போகிறது. சரிகை கனத்திருந்தால் இன்னும் சீக்கிரம். கையால் தடவினால் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் ஊசிமுனைத் துளைகள் வரிசையாகத் தெரியும். என் பாட்டி ஆண்டுக்கு இரண்டு முறை பட்டுகளை எடுத்து நிழலில் காயவிட்டு, மடிப்பை மாற்றி வைப்பார். சிறு வயதில் அதை வீண் வேலை என்று நினைத்திருக்கிறேன்.

பிறர் வீட்டுப் புடவைகளை இணையத்தில் விற்றுக் கொடுப்பது ஒன்பது ஆண்டுகளாக என் தொழில். மேற்கு மாம்பலத்தில் ஓர் அறை, இரண்டு பீரோ, உதவிக்கு ஒரு பெண். புடவை என்னுடையது அல்ல. உடையவர் ஒப்படைக்கிறார், நான் சோதித்து, வேண்டுமானால் டிரை கிளீனிங் கொடுத்து, படம் எடுத்து, விலை குறித்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பழைய துணிக்கென்றே இருக்கும் தளங்களிலும் போடுகிறேன். விற்றால் நூற்றுக்கு முப்பது எனக்கு, எழுபது அவருக்கு. ஆறு மாதத்தில் விற்காவிட்டால் புடவை அவர் வீட்டுக்கே திரும்பிவிடும்.

பழைய துணி விற்கும் இணையத் தளங்களில், அமெரிக்காவில் த்ரெட்அப் 2009இலும் போஷ்மார்க் 2011இலும் தொடங்கின. முதலாவதுக்கு மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டால் அவர்களே தரம் பிரித்து விற்றுக் கொடுப்பார்கள். இரண்டாவதில் உடையவரே படம் எடுத்துப் போட வேண்டும். போஷ்மார்க் 2021இல் இந்தியாவுக்கும் வந்தது. நானும் ஆவலோடு கணக்குத் தொடங்கினேன். 2023இல் இங்கிருந்து விலகிவிட்டது. காரணங்களை அவர்கள்தாம் அறிவார்கள். என் அனுபவத்தில், சாதாரணத் துணி இங்கே இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. முந்நூறு ரூபாய்க்கு விற்கும் குர்த்திக்கு எண்பது ரூபாய் கூரியர், அதற்கு மேல் தளத்தின் கமிஷன். அதே விலைக்கு ரங்கநாதன் தெருவில் புதிதே கிடைக்கிறது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்த பெண்கள் இந்தக் கணக்கை எங்களுக்கு முன்பே போட்டு வைத்திருந்தார்கள்: சாதாரணத் துணியை மூட்டையாகத்தான் எடுப்பார்கள், பட்டு என்றால் பிரித்துப் பார்ப்பார்கள்.

கோயம்புத்தூர் நிகழ்ச்சிக்குப் பிறகு வேலையை வேறு விதமாகச் செய்கிறேன். வடக்கு ஜன்னலில் திரைச்சீலைக் கம்பி ஒன்றை மாட்டியிருக்கிறேன். வருகிற ஒவ்வொரு புடவையையும் அதன்மேல் போட்டு, தலைப்பிலிருந்து உள்முனை வரை ஆறு மீட்டரையும் சாண் சாணாக இழுத்துப் பார்க்கிறோம். உதவிக்கு இருக்கும் பெண் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். ‘அக்கா, இங்கே’ என்பாள். அந்த இடத்தில் ஒரு வெள்ளை நூலை அடையாளமாகச் சுற்றி வைப்போம். குதிகால் மிதித்து நைந்த ஓரம், அக்குளில் வியர்வை படிந்து வெளுத்த இடம், சேஃப்டி பின் குத்திய துளை, மஞ்சள் கறை, பாயசம் சொட்டிய புள்ளி. பிறகு முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்துகிறேன். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கரையின் பின்புறம் தொங்கும் சரிகை இழையைப் பிரித்தால், அசலில் வெள்ளித் தகட்டுக்கு நடுவே சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பைத் தேடும் நிமிஷம் எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்தமானது.

படம் எடுப்பது தனி வித்தை. செல்போன் வாடாமல்லியை இளஞ்சிவப்பாக்கிவிடும். மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசைந்தால்தான் இரண்டும் தெரியும், நிலைப்படத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் என்று கேட்டு வருபவர்களுக்கு நீலம் சற்றே மாறினாலும் ஏமாற்றமாகிவிடும். அதனால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும், ஒரு வீடியோவும் சேர்த்து எடுக்கிறோம். குறைகளின் படத்தை முதலில் வைக்கிறோம், முந்தானைப் படம் அதற்குப் பிறகுதான். தொடக்கத்தில் விற்பனை குறைந்தது உண்மை. புடவை கொடுத்தவர்களுக்கும் வருத்தம். ‘பொட்டுக் கறையைப் போய் இவ்வளவு பெரிதாகக் காட்ட வேண்டுமா?’ என்று ஒருவர் புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஆனால் முகம் தெரியாத ஒருத்தி என் வார்த்தையை மட்டும் நம்பி எட்டாயிரம் ரூபாய் அனுப்புகிறாள். அவள் தொட்டுப் பார்க்க முடியாததை அவளுக்காக நான்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, நேராகக் கேட்கமாட்டார்கள். ‘கொடுத்தவர் நன்றாக இருக்கிறார்களா?’ என்பார்கள். இறந்தவர் புடவையா என்பதுதான் அதன் பொருள். கேட்பதில் தவறில்லை, துணியில் உடுத்தியவர் இருக்கிறார் என்று நம்பித்தான் நாமும் அம்மாவின் புடவையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம். குடும்பத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உள்ளதைச் சொல்கிறேன். சிலர் விலகிவிடுகிறார்கள். ‘யாருடைய தாயாரோ, பரவாயில்லை, அனுப்புங்கள்’ என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கியவர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு தளத்தில் விற்ற புடவை, ‘நிறம் வேறு’ என்று ஆறாம் நாள் திரும்பி வந்தது. கொசுவத்தில் மல்லிகை இதழ்கள், கழுத்தருகே சந்தனம். கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறது. படங்களோடு முறையிட்டேன்; தளமோ, வாங்கியவர் பக்கமே தீர்த்துவிட்டது, சலவைக் காசும் என் தலையில். இப்போது தோள்பட்டையில் விழும் இடத்தில் முத்திரை நூல் ஒன்று கோத்து அனுப்புகிறேன். அது அறுந்தால் திருப்ப முடியாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு உண்மையான எதிரி உலைதான். ‘பழைய பட்டுப் புடவைக்கு உடனடிப் பணம்’ என்ற பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போகும் புடவை வெள்ளிக்காகத்தான் போகிறது. சரிகையை எரித்து, சாம்பலை உருக்கி, வெள்ளியைப் பிரிக்கிறார்கள். நெசவுக்கு அங்கே விலை கிடையாது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி 1971இல் உடுத்திய கூறைப்புடவையைக் கொடுத்தார். ஒன்பது கஜம், மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை; கோர்வை போட்டு நெய்தது, உடலும் கரையும் சேரும் இடத்தில் இழைகள் விரல் கோத்ததுபோல் நிற்கும். மகனோடு பெங்களூரு அடுக்குமாடிக்குப் போகிறார், பீரோ வைக்க இடமில்லை. ‘வெள்ளிக்காரர் ஒன்பதாயிரம் தருகிறேன் என்கிறார். உன்னிடம் கொடுத்தால் என்ன கிடைக்கும், குழந்தை?’ என்றார். பதினாலாயிரம் விலை குறித்தேன். மாமிக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு. கரையோரம் இரண்டு துளை, மடிப்பில் ஒரு கீறல், அத்தனையும் எழுதினேன். அழகு என்று எழுதாதவர் இல்லை, வாங்குகிறேன் என்று எழுதியவரும் இல்லை. ஒன்பது கஜம் உடுத்துபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஐந்து மாதமாயிற்று. அதற்குள் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது. மாமி தொலைபேசியில் அழைத்து, ‘இப்போது பதினைந்து தருகிறாராம், நான் கொடுத்துவிடட்டுமா?’ என்றார். என்னிடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவர். நான் பார்சல் கட்டி அனுப்பினேன்.

அன்று நான் செய்யத் தவறியது எனக்குத் தெரியும். வெள்ளியின் கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஒன்பது கஜம் உடுத்தும் வீடுகளையும் பழைய நெசவைச் சேர்த்து வைப்பவர்களையும் நானே தேடிப் போயிருக்க வேண்டும். இப்போது மேஜையில் ஒரு தராசு இருக்கிறது. அசல் சரிகை என்று தெரிந்தால் எடை போட்டு, உலைக்காரர் என்ன கொடுப்பார் என்று விசாரித்து, உடையவர் கைக்கு அதைவிடக் கூடுதலாகப் போகும்படி விலை குறிக்கிறேன். அந்தப் புடவைகளுக்கு என் பங்கு நூற்றுக்குப் பத்துதான்.

நேற்று ஒன்று வந்தது. கத்தரிப்பூ நிறம், எழுநூற்று இருபது கிராம், சரிகைக்குள் சிவப்பு நூல். ஜன்னலில் போட்டு இழுத்தோம். மூன்றாவது மடிப்பில் ஏழு துளைகள். எண்ணி எழுதியாயிற்று, காலையில் வெளிச்சம் வந்ததும் படம் எடுக்க வேண்டும்.