மாகிம் மாதா கோயிலுக்கு உம்மா வந்த புதன்கிழமை

மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மும்பையில் மாகிம் மாதாவுக்கு ஒன்பது புதன்கிழமை நேர்ந்திருந்தேன். எட்டு வாரம் தனியாகத்தான் போனேன். ஒன்பதாவது வாரம், "நானும் வாரேன்" என்று உம்மா கிளம்பிவிட்டார்.

உம்மா எங்கள் பக்கத்து வீடு. மேலப்பாளையத்துக்காரர், எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், எல்லோருக்கும் உம்மா. தாராவியில் முப்பது வருஷமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே தண்ணீர்க் குழாய். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் இங்கிருந்து போகும், பெருநாளுக்கு பிரியாணி அங்கிருந்து வரும். ஆனால் அவர் என்ன நம்புகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஞானோபதேச வகுப்பிலும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது, அவர்கள் ஒரே கடவுளை வணங்குகிறார்கள், மரியாளைப் போற்றுகிறார்கள், பழைய பகையை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயல வேண்டும் என்றெல்லாம் 1965 அக்டோபர் 28 அன்று, கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்திருக்கிறது. ஒரு சாமியார் பிரசங்கத்தில் சொல்லித்தான் எனக்கே தெரியும். ரோமிலிருந்து எங்கள் குழாயடிக்கு வந்துசேர இத்தனை வருஷம்!

கிறிஸ்தவர்கள் எல்லோரும் அப்படி நினைப்பதும் இல்லை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் சித்திக்கு உம்மா 'இரட்சிக்கப்பட வேண்டிய ஆத்துமா'. மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நானும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறேன். உம்மாவின் மகனோ தர்காவுக்குப் போவதே ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணைவைக்கும் பாவம் என்பவன். சித்தியும் அவனும் உட்கார்ந்து பேசினால் நிறைய விஷயத்தில் ஒத்துப்போவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

உம்மாவுக்கு மூட்டுவலி. மாகிம் ஸ்டேஷன் பாலம் ஏற முடியாது. இவ்வளவு பக்கத்துக்கு டாக்ஸிக்காரர்கள் வர மாட்டார்கள், நான்காவது ஆள்தான் மனமிரங்கினார். மாகிம் மாதா கோயில் என்று நாங்கள் சொல்லும் புனித மிக்கேல் ஆலயத்தில் 1948 முதல் புதன்தோறும் சதா சகாய மாதா நவநாள் ஜெபம் நடக்கிறது. காலையிலிருந்து இரவு வரை ஒரு மொழி முடிந்தால் இன்னொரு மொழி. வரிசையில் பொட்டு வைத்தவர்கள், புர்கா போட்டவர்கள், சிலுவை டாலர் தொங்கவிட்டவர்கள் எல்லோரும் நிற்பார்கள். வெளியே நடைபாதையில் மெழுகு உருவங்கள் விற்பார்கள்: வீடு, குழந்தை, கை, கால், இருதயம். உம்மா ஒரு காலை எடுத்து முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வலது காலு இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

உள்ளே மாதா படத்தின் முன்னால் உம்மா நகரவே இல்லை. பின்னால் வரிசை முட்டுகிறது. குழந்தை இயேசுவின் ஒரு காலிலிருந்து செருப்பு கழன்று தொங்குவதைப் பார்த்து, "பாவம், பிள்ளை எதையோ கண்டு பயந்துட்டு" என்றார். நான் இருபது வருஷமாகப் பார்க்கும் படம். பயந்து ஓடிவந்து தாயின் கையைப் பிடித்திருக்கிறது என்பதை ஒருவர் இப்படிச் சட்டென்று சொல்லி நான் கேட்டதில்லை.

"மேலே ரெண்டு பேரு யாரு?"

"வானதூதருங்க. இந்தப் பக்கம் மிக்கேல் சம்மனசு. அந்தப் பக்கம் கபிரியேல் சம்மனசு."

"கபிரியேலா? நம்ம ஜிப்ரீல்! மர்யத்துக்கு நற்செய்தி சொன்னவரு." முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கையில என்ன வச்சிருக்காரு?"

"சிலுவை."

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஈஸா நபியை அறையலைன்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கு" என்றார் மெதுவாக. எங்களுக்கு அந்தச் சிலுவைதான் எல்லாமே. அதை விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. மெழுகுக் காலைக் காணிக்கையாக வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

வாசல் படியில் உட்கார்ந்து அவர்தான் பேச்சைத் தொடங்கினார். குர்ஆனில் 19ஆவது அத்தியாயத்துக்கே மர்யம் என்றுதான் பெயராம், பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண்ணும் அவர்தானாம். பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையில் தவித்தவரிடம், மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று குரல் வந்ததாம். "உங்களுக்கு மாட்டுக்கொட்டில், எங்களுக்குப் பேரீச்ச மரம். ரெண்டுலயும் பிள்ளைத்தாச்சிக்குத் துணைக்கு ஒரு பொம்பளை இல்லை பாத்தியா?" என்றார். வத்திக்கான் ஏட்டில் இது கிடையாது.

அப்புறம் மக்தூம் அலி மாஹிமி தர்கா. 1431இல் மறைந்தவர், குர்ஆனுக்கு அரபியில் விளக்கவுரை எழுதிய அறிஞர். டிசம்பரில் உரூஸ் என்னும் அவருடைய நினைவு விழா வந்தால் மும்பை போலீசே ஊர்வலமாகச் சந்தனம் கொண்டுவரும் இடம். வாசலிலேயே நின்றுகொண்டேன். உள்ளே போகலாமா என்று மனசு இரண்டுபட்டது, சித்தியின் குரல் வேறு காதில். உம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"உன்னை ஓதச் சொல்லலை. வெயில்ல நிக்காத, முற்றத்துல உக்காரு."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை அறியாமல் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த உம்மா என் வாய் அசைவதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "உன் பையனுக்கும் சேத்துக் கேட்டிருக்கேன்" என்றார். பிறகு மாகிம் அல்வா வாங்கினோம். அந்தத் தாள் போன்ற அல்வாவுக்குக் காசு யார் கொடுப்பது என்பதில்தான் அன்றைக்கு எங்களுக்குள் உண்மையான சண்டை வந்தது.