கடன் குடுத்த வங்கி மேல புகார்: ஒரு சீல் இல்லாம ஆறு மாசம் போச்சு

நேத்து காலைல மெயில் வந்துச்சு, எங்க புகார விசாரணைக்கு எடுத்துக்கிட்டாங்களாம். பத்து மாச அலைச்சல். அதுல ஆறு மாசம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இல்லாததால மட்டும் வீணாச்சு, வேற ஊர்க்காரங்களுக்கு இது நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

எங்க கடற்கரைல வெளிநாட்டு வளர்ச்சி வங்கி கடன்ல ஒரு வேலை நடக்குது (விசாரணை ஓடிட்டு இருக்கு, அதனால பேர் எதுவும் போடல). பொம்பளைங்க கருவாடு காயப்போடுற மணல்மேட்ட சுத்தி கம்பிவேலி போட்டுட்டாங்க. பட்டா யாருக்கும் இல்ல, அதனால நஷ்டஈடு லிஸ்ட்லயும் ஒரு பேரு இல்ல.

முதல் புகார் பதினோரு பக்கம். உணவு உரிமை, 1966 ஐநா ஒப்பந்தத்தோட 11வது பிரிவு, இந்தியா 1979லயே அதுல சேர்ந்துடுச்சுன்னு எல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மைதான், ஆனா அந்த ஒப்பந்தத்துல இருக்கறது நாடுகள், வங்கி இல்ல. வங்கியோட புகார்ப் பிரிவு பாக்குறது, தன்னோட சொந்த பாதுகாப்பு விதிய வங்கி மீறுச்சா, அதனால உங்களுக்கு என்ன பாதிப்பு, அவ்வளவுதான். அதோட, மொதல்ல திட்ட அதிகாரிங்ககிட்ட சொன்னீங்களா, ஆதாரம் எங்கன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க.

திட்ட ஆபீசுக்கு நாலு தடவ போயிருக்கோம்! ரெண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலிய விட்டுட்டு. ஒவ்வொரு தடவையும் அந்த கிளார்க் "வச்சிட்டுப் போங்க, சார் வந்ததும் குடுக்குறேன்"னு மனுவ வாங்கிப்பாரு, நகல்ல சீல் கேட்டா இங்க அந்தப் பழக்கம் இல்லம்பாரு. இன்னொருத்தர், "ரேஷன் அரிசி வருதே, பட்டினி எங்க இருக்கு"ன்னார். என்கூட வந்த அக்கா பதிலே பேசல, பஸ்ல திரும்புறப்பதான், "வெறுஞ்சோத்த புள்ளைங்க எத்தன நாளு தம்பி தின்னும்"னு கேட்டாங்க.

ரெண்டாவது புகார காப்பாத்துனது அந்த அக்காவோட நோட்டுதான். ஓரமெல்லாம் உப்பு படிஞ்ச நாப்பது பக்க நோட்டு. தேதி போட்டு, நெத்திலி எத்தன கிலோ காயப்போட்டது, எவ்வளவு வித்தது, வீட்டுக்கு எவ்வளவு எடுத்ததுன்னு மூணு வருஷ கணக்கு. வேலி போட்ட மாசத்துல இருந்து வீட்டுக்கு எடுத்த வரிசைல கோடு மட்டும்தான். உரிமைங்கற வார்த்தைய விட அந்தக் கோடு பேசுச்சு. அந்தப் பக்கங்கள போட்டோ எடுத்து வச்சோம், மனுவ இந்த தடவ ஒப்புகை அட்டையோட தபால்ல அனுப்பி ரசீதையும் சேத்தோம். தமிழ்லயே வாங்கிக்கிட்டாங்க, பேர ரகசியமா வைங்கன்னு கேட்டதுக்கும் சரின்னுட்டாங்க.

இதெல்லாம் பிரயோஜனமான்னு கேக்குறவங்களுக்கு: நர்மதா அணைய எதிர்த்து மக்கள் போராடலன்னா 1993ல உலக வங்கிக்கு, மக்கள் புகார விசாரிக்குற ஆய்வுக் குழுவே வந்திருக்காது. குஜராத் முந்த்ரா மீனவங்க, அங்க வந்த அனல் மின் நிலையத்துக்கு கடன் குடுத்த ஐஎஃப்சி (உலக வங்கி குழுமத்துல தனியார் கம்பெனிங்களுக்கு கடன் குடுக்குற அமைப்பு) மேல 2011ல புகார் குடுத்தாங்க, 2013ல அதோட புகார்ப் பிரிவு செஞ்ச தணிக்கையே தப்பு நடந்திருக்குன்னு சொல்லுச்சு, ஆனாலும் சரியா எதுவும் நடக்கலன்னு அமெரிக்க கோர்ட்டுக்கே போனாங்க. 2019 பிப்ரவரில அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1ன்னு, இந்த மாதிரி அமைப்புக்கு வழக்குல இருந்து முழு விலக்கு கெடையாதுன்னு சொல்லுச்சு. அப்புறம் கீழ் கோர்ட்டுல, நடந்ததெல்லாம் இந்தியாலதான்னு சொல்லி தள்ளிட்டாங்க, 2022ல உச்ச நீதிமன்றம் மறுபடி எடுக்கவும் இல்ல. படிச்சப்ப மனசு விட்டுப் போச்சு, ஆனா அந்த தணிக்கை அறிக்கை வெளிய வந்ததே அந்த மீனவங்க புகார் குடுத்ததாலதான்.

முக்கியமா ஒண்ணு, கடன் கணக்கு (வங்கி அந்தக் கடன்ல பணம் குடுக்குற காலம்) எப்ப முடியுதுன்னு வங்கி வெப்சைட்ல அந்தத் திட்டத்தோட பக்கத்துல உடனே பாருங்க. உலக வங்கி ஆய்வுக் குழுன்னா கணக்கு முடிஞ்சு 15 மாசம் வரைக்கும்தான் புகார் வாங்குவாங்க, ஆசிய வளர்ச்சி வங்கில ரெண்டு வருஷம். எங்க கடன் முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கு, வேலி இன்னும் அங்கயேதான் நிக்குது.