பூவா தலையா

உயிரியல் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டுகிற வேலையில் நாலு வருஷம் இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே "சார், வெள்ளைப் புலி எங்க?" என்றுதான் கேட்பார்கள். சிங்கம், நீர்யானை எல்லாம் அப்புறம்தான். முதல் வருஷம் முழுக்க அந்தப் புலியின் முன்னால் நின்று நான் சொன்னது தப்பு. "இது அல்பினோ, உடம்பில் நிறமியே கிடையாது" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிள்ளைகள் போனபிறகு, புலிக்குக் கறி போடுகிற அண்ணன் சாவகாசமாகக் கேட்டார்: "நிறமே இல்லன்னா, வரி மட்டும் எங்கிருந்து தம்பி வந்துச்சு?"

விலங்கியல் படித்தவன் நான். பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். புலியின் ரோமத்தில் இரண்டு வகை நிறமி. வரிக்குக் கருப்பு, மற்ற இடத்துக்குச் செம்மஞ்சள். வெள்ளைப் புலியில் நின்றுபோவது செம்மஞ்சள் மட்டும்தான், கருப்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அதனால்தான் வரி தங்கிவிடுகிறது, கண்ணும் சிவக்காமல் நீலமாக இருக்கிறது. காரணத்தை 2013-ல் சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணு உருவாக்கும் புரதத்தில், 477-வது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அங்கே வாலின் என்ற வேறொன்று இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். தனி இனமும் இல்லை, பனிப்பிரதேசத்துப் புலியும் இல்லை.

இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நான் நாணயத்தைப் பிடித்தேன். வெள்ளைக்குப் பூ, மஞ்சளுக்குத் தலை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் பூவாக இருந்தால்தான் குட்டி வெள்ளை. 1951 மே மாதம் ரீவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் பிடித்து கோவிந்த்கர் அரண்மனையில் வளர்த்த வெள்ளைப் புலி மோகன்தான் கதாநாயகன். அவனுக்காக இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டி, இருபக்கமும் பூ தெரிகிற மாதிரி செய்து வைத்திருந்தேன். அவனுக்கு முதலில் ஜோடி சேர்த்த பேகம் சாதாரணப் புலி, அவளுக்கு இருபக்கமும் தலை. எத்தனை தடவை சுண்டினாலும் குட்டி மஞ்சள்தான் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள். நிஜத்திலும் அப்படித்தான் ஆனது, குட்டிகள் எல்லாம் மஞ்சள். அந்தக் குட்டிகளில் ஒருத்தி ராதா. அவளுக்குத்தான் நிஜமான நாணயம், ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் தலை. மோகனோடு ராதாவைச் சேர்த்ததும் 1958-ல் நாலு குட்டி, நாலும் வெள்ளை: ராஜா, ராணி, மோகினி, சுகேசி. சுண்டிப் பாருங்கள், தொடர்ந்து நாலு பூ விழ வேண்டும், 16-ல் ஒரு வாய்ப்பு. மோகினி 1960-ல் வாஷிங்டன் உயிரியல் பூங்காவுக்கே போய்விட்டாள். இந்த இடத்தில் கைதட்டல் கட்டாயம் உண்டு.

ஒருநாள் கைதட்டலுக்கு நடுவே ஒரு பெண் கேட்டாள், "சார், ராதா மோகனோட பொண்ணுதானே?"

கூட வந்த டீச்சர் "சரி சரி, லைன்ல நில்லுங்க" என்றார். நானும் அப்படியே நகர்ந்திருக்கலாம். ஆமாம் என்றேன். வெள்ளை வேண்டும், கையில் இருந்தது ஒரே ஒரு வெள்ளை, அதனால் மகளையே சேர்த்தார்கள், பிறகும் சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள், பிறவிக் குறைபாடுகள் பல அதனால் வந்தவை என்று சொன்னேன். வெள்ளைப் புலிகளுக்கு வருகிற மாறுகண் மட்டும் வேறு கதை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் வெள்ளைப் புலியில் தடம் மாறிப் போவதை 1973-லேயே கண்டிருக்கிறார்கள், அது நிறமிக் கோளாறோடு ஒட்டியே வருவது. ஆனால் காட்டில் வெள்ளைப் புலிகள் வளர்ந்து பெரிதாகி, வேட்டைத் துப்பாக்கியில் செத்திருக்கின்றன. ஆக, வெள்ளை நிறம் மட்டுமே ஒரு புலியை வாழவிடாமல் செய்துவிடாது. எல்லாப் பழியையும் நிறத்தின் மேல் போடுவதும் என் பழைய அல்பினோ மாதிரிதான்.

அவள் போகவில்லை. கிட்டே வந்து மெதுவாக, "எங்கம்மா எங்கப்பாவுக்கு அக்கா பொண்ணு சார். எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எங்கள் வீட்டிலேயே அக்காள் மகளைக் கட்டிய மாமா இருக்கிறார். "ஒண்ணும் ஆகாதும்மா, புலிங்களுக்குத் தலைமுறை தலைமுறையா பண்ணாங்க" என்றேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒரே மூதாதையின் ஒரே மரபணு, பிள்ளைக்கு இருபக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு அப்பா-மகள் உறவில் 4-ல் 1, தாய்மாமன்-மருமகள் உறவில் 8-ல் 1. பாதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், அதுவும் புலியைப் பார்க்க வந்த இடத்தில், அதை எப்படிச் சொல்வது என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு விளையாட்டை ஆரம்பிக்கும்போதே ராதா யாருடைய மகள் என்று சொல்லிவிடுவேன். கைதட்டல் குறைந்தது.