பறவைக்கு முன்னால் கிரேவி: ஒரு நவம்பர் நாட்குறிப்பு

17 நவம்பர் 2024, ஞாயிறு

வான்கோழி விருந்து வைக்கும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் இந்த வருஷம் 28ஆம் தேதி. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் என்று 1941இல் சட்டமாகவே போட்டுவிட்டார்கள், அந்தக் கணக்கில் 28க்கு மேல் தள்ளிப்போக வழியில்லை. கிடைக்கக்கூடிய அதிகபட்ச அவகாசம் இந்த முறை கிடைத்திருக்கிறது, அதில் பெரும்பகுதியை கிரேவிக்கு, அதாவது வான்கோழிச் சாற்றை மாவு சேர்த்துக் கெட்டியாக்கிக் கறியின் மேல் ஊற்றும் குழம்புக்கு, கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். விருந்து வட கரோலினாவில், கேரியில் எங்கள் வீட்டில். பன்னிரண்டு பேர்.

வான்கோழியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், கிரேவியைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள். ஆனால் தட்டில் இருக்கும் நெஞ்சுக்கறி, மசித்த உருளைக்கிழங்கு, ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டில் செய்யும் பூரணம்) மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தொண்டைக்குள் இறக்குவது கிரேவிதான். நெஞ்சுக்கறி எவ்வளவு பக்குவமாக வெந்தாலும் அதற்கு ஒரு ஈரம் வேண்டும். அது இல்லாத தட்டு எனக்கு முழுச் சாப்பாடாகவே தோன்றுவதில்லை.

பெரும்பாலான சமையல் குறிப்புகள் வான்கோழி ஓவனிலிருந்து வெளியே வந்த பிறகு கிரேவியை ஆரம்பிக்கச் சொல்கின்றன. அந்த நேரத்தில் அடுப்படி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு மசிக்க வேண்டும், பன் சூடாக வேண்டும், கறியை வெட்ட வேண்டும், குழந்தைகள் பசியில் நிற்பார்கள். போதாக்குறைக்கு டிரேயில் எவ்வளவு சாறு வடியும், அதில் உப்பு எவ்வளவு என்பது அந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது. அதனால் கிரேவியின் உடம்பை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை வடியும் சாற்றைக் கடைசியில் மட்டும் சேர்ப்பது என்பதுதான் என் முறை.

இன்று வான்கோழி இறக்கை 4 பவுண்டு வாங்கினேன். அடுத்த வாரம் போனால் இறக்கை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இறக்கையில் தோல் அதிகம், மூட்டு அதிகம், சதை குறைவு. மூட்டிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் நீண்ட நேரம் கொதித்து ஜெலட்டினாக இறங்கும்போதுதான் குழம்புக்கு உதட்டில் ஒட்டுகிற கனம் வரும். மாவு மட்டும் போட்டு அந்தக் கனத்தைக் கொண்டுவர முடியாது.

400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒன்றேகால் மணி நேரம் வறுத்தேன், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட்டேன். தோல் நன்றாகச் சிவந்து, டிரேயின் அடியில் கரும்பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. அதுதான் நிறமும் ருசியும், அதைக் கழுவிக் கொட்டவே கூடாது. கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, சூடான டிரேயில் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் மூலை வரை சுரண்டி, எல்லாவற்றையும் இறக்கையோடு பெரிய பானைக்குள் சேர்த்தேன். வெங்காயம், கேரட், செலரி, பே லீஃப், தைம், கொஞ்சம் முழு மிளகு, 12 கப் தண்ணீர். உப்பு துளியும் இல்லை. வியாழனன்று வடியும் சாறு தன் உப்போடுதான் வரும்.

நான்கு மணி நேரம் சிறு கொதியில் வைத்தேன். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு கலந்து கலங்கிவிடும், ஓரத்தில் மட்டும் குமிழ் வர வேண்டும். வடிகட்டி, அகலமான பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

18 நவம்பர், திங்கள்

காலையில் எடுத்துப் பார்த்தால் ஸ்டாக், அதாவது நேற்று வடிகட்டிய சாறு, கட்டியாக உறைந்திருக்கிறது, பாத்திரத்தைச் சாய்த்தால் அசைகிறதே தவிர ஊற்றவில்லை. மேலே வெளிர்மஞ்சளாகக் கொழுப்பு. அதைத் தனியாக எடுத்து நேற்று வடித்ததோடு சேர்த்து வைத்தேன், மாவு வறுக்க இதுதான் வேண்டும். ஸ்டாக் ஃபிரீசருக்குப் போனது.

23 நவம்பர், சனி

14 பவுண்டு வான்கோழியை ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு இறக்கினேன். 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் என்பது கணக்கு, ஆக செவ்வாய்க்குள் கரைந்துவிடும். உப்புத் தண்ணீர் ஏற்றாத பறவையாகத் தேடி வாங்கினேன். லேபிளில் பொடி எழுத்தில் இத்தனை சதவீதம் உப்புக் கரைசல் என்று இருந்தால் வடியும் சாறும் உப்பாகத்தான் இருக்கும், கிரேவியை நினைத்தாவது அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

26 நவம்பர், செவ்வாய்

கிரேவி நாள். மகளையும் கூட நிறுத்திக்கொண்டேன், அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கிளற ஒரு வேலை வேண்டும்.

அளவு இதுதான். ஒரு கப் ஸ்டாக்குக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் கொழுப்பு, ஒன்றரை டேபிள்ஸ்பூன் மைதா. 8 கப்புக்கு முக்கால் கப் கொழுப்பு, முக்கால் கப் மைதா. இறக்கைக் கொழுப்பு போதவில்லை, மீதிக்கு வெண்ணெய் சேர்த்தேன். அடி கனமான பாத்திரம், மிதமான தீ. கொழுப்பு உருகியதும் மைதாவைக் கொட்டி விஸ்க்கால் (கம்பி மத்தால்) கலக்க வேண்டியதுதான். முதலில் ஈர மணல் மாதிரி திரளும், பிறகு இளகிப் பளபளப்பாகும், சிறு குமிழ்கள் வரும். பச்சை மாவு வாசனை போய் வறுத்த வாசனை எழும்பும் நேரம் ஒன்று உண்டு, நிறத்தைவிட அதை நம்பலாம். மகள், "அம்மா, இப்ப பிஸ்கட் வாசனை வருதும்மா" என்றாள், அங்கிருந்து இன்னும் இரண்டு நிமிடம் விட்டேன். இன்னும் கருக்கினால் ருசி ஏறும், ஆனால் மாவின் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும், அப்புறம் மாவு அதிகம் போட வேண்டிவரும்.

ஸ்டாக்கைச் சூடாக்கி வைத்திருந்தேன். முதல் கரண்டி ஊற்றியதும் ஸ்ஸ் என்று சத்தம் போட்டு எல்லாம் கட்டியாகிவிட்டது. மகள் பயந்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, அப்படித்தான் ஆகும். அது வழுவழுப்பாகும் வரை கலக்கிவிட்டு அடுத்த கரண்டி, அப்புறம் அடுத்தது. பாதிக்கு மேல் தாராளமாக ஊற்றலாம். வெறும் மாவை நேராகக் கொதிக்கிற திரவத்தில் போட்டால் வெளிப்பக்கம் உடனே வெந்து தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே தூள் அப்படியே இருக்கும். கட்டி என்பது அதுதான். கொழுப்பில் வறுத்த மாவில் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு பிரித்து வைத்திருப்பதால் அந்த வம்பு இல்லை.

கொதி வந்த பிறகுதான் உண்மையான கெட்டித்தனம் தெரியும். அதற்கு முன்னால் நீர்த்திருக்கிறதே என்று மாவு சேர்க்காதீர்கள். கொதித்து, தீயைக் குறைத்து, கால் மணி நேரம் அடிக்கடி கிளறிக்கொண்டே விட்டேன். கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்வாகவே நிறுத்தினேன், கிரேவி ஆற ஆற இறுகும், மேஜையில் யாரும் அடுப்புச் சூட்டில் சாப்பிடுவதில்லை.

சாயங்காலம் நியூஜெர்சியிலிருந்து தோழி போன் செய்தாள். "அக்கா, கொஞ்சம் மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போட்டுடுங்க, நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். போட மாட்டேன். வறுத்த தோல், தைம், மிளகு, இந்த மெல்லிய ருசியைக் கிளப்பத்தான் இவ்வளவு நேரம் கொதிக்கவிட்டேன், கரம் மசாலா ஒரு சிட்டிகை போதும் அதை மூட. காரம் வேண்டுபவர்களுக்கு எலுமிச்சை ஊறுகாய் மேஜையிலேயே இருக்கும்.

வான்கோழிக்கு உப்பும் மிளகும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

27 நவம்பர், புதன்

பக்கத்து வீட்டம்மா வந்தார். எழுபது தாண்டியவர், தெற்குக் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவர். என்னை ஹனி என்றுதான் கூப்பிடுவார். பறவையின் வயிற்றுக்குள் இருந்த பொட்டலத்தை என்ன செய்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கழுத்து, இதயம், இரைப்பை எல்லாம் வெந்துகொண்டிருக்கிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஈரலை மட்டும் தனியாக வைத்திருந்தேன், கூடவே கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கிவிடும். கடைசியில் சில நிமிடம் வேகவைத்தால் போதும்.

அவர் ஊரில் கிரேவி என்றால் இவற்றைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அவித்த முட்டையையும் நறுக்கிச் சேர்ப்பார்களாம். தென் மாநிலங்களில் இது பழைய வழக்கம். கூடவே இன்னொன்று சொன்னார், அவர்கள் வீட்டு மேஜையில் உருளைக்கிழங்கு இருக்கிறதோ இல்லையோ, சோறு கட்டாயம் உண்டு, கிரேவி சோற்றின் மேல்தான். யோசித்தால் அதில் ஆச்சரியம் இல்லை. கரோலினாவின் கடற்கரைச் சதுப்பு நிலத்தில் ஒரு காலத்தில் பரந்த நெல் வயல்கள் இருந்தன. கரோலினா கோல்ட் என்று புகழ்பெற்ற நெல். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பிலும் அவர்கள் கையோடு கொண்டுவந்த விவசாய அறிவிலும் வளர்ந்த நெல். அந்த வயல்கள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, சோற்றுப் பழக்கம் மட்டும் அவர்கள் மேஜையில் இருக்கிறது. நாளைக்கு ஒரு பானை சோறு வைப்பது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

சைவம் சாப்பிடும் இருவருக்குக் காளான் கிரேவி. காளானை நன்றாகச் சிவக்க வதக்கி, காய்கறிச் சாறு, கொஞ்சம் சோயா சாஸ். ஒருவருக்குக் கோதுமை ஆகாது, அதனால் கோதுமை இல்லாத சோயா சாஸாக வாங்கினேன். மைதாவுக்குப் பதில் சோள மாவு, அதுவும் மைதாவில் பாதி அளவு போதும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும்போது ஊற்றினால் கண்ணாடி மாதிரி வரும். ரொம்ப நேரம் கொதித்தால் நீர்த்துவிடும் என்பதால் இதை நாளைக் காலையில்தான் கெட்டிப்படுத்துவேன்.

நாட்டில் எத்தனை வீட்டில் இன்று இதே குழப்பம் ஓடிக்கொண்டிருக்கும்! வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981இலிருந்து இதற்கென்றே ஒரு தொலைபேசி உதவி நடத்துகிறது. போனை எடுத்து யாரோ பதில் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல்.

28 நவம்பர், வியாழன் (ராத்திரி, களைத்துப்போய்)

வான்கோழி 325 டிகிரியில் ஓவனுக்குள் போனது. டிரேயின் அடியில் இரண்டு கப் ஸ்டாக் ஊற்றிவிட்டேன், இல்லாவிட்டால் முதலில் வடிகிற சாறு கருகிக் கசந்து, அந்தக் கசப்பு கிரேவிக்குள் வந்துவிடும். தொடையின் தடித்த இடத்தில் 165 டிகிரி தாண்டியதும் வெளியே எடுத்தேன், கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். அப்புறம் நாற்பது நிமிடம் பறவைக்கு ஓய்வு. கிரேவியை முடிக்கும் நேரமும் அதுதான்.

டிரேயில் இருந்ததைக் கொழுப்பு பிரிக்கும் ஜாடியில் ஊற்றினேன். மூக்கு அடியிலிருந்து கிளம்பும் ஜாடி அது, சாறு முதலில் வரும், கொழுப்பு மேலேயே நின்றுவிடும். டிரேயை இரண்டு அடுப்பின் மேல் குறுக்காக வைத்து, ஒரு கப் ஸ்டாக் ஊற்றி, ஒட்டியிருந்ததை எல்லாம் சுரண்டினேன். அந்தப் பக்கம் செவ்வாய்க்கிழமை கிரேவி மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜில் இறுகியிருந்தது, சூடேறியதும் தானாக இளகிவிட்டது.

சாற்றை மொத்தமாகக் கொட்டவில்லை. ஒரு கரண்டி, ருசி பார், இன்னொரு கரண்டி, ருசி பார். முக்கால்வாசி போனதும் உப்பு சரியாக நின்றது, அங்கேயே நிறுத்திவிட்டேன். கடைசியில் அரை டீஸ்பூன் ஆப்பிள் வினிகர். புளிப்பு தெரியாது, ஆனால் கொழுப்பின் திகட்டல் குறைந்து ருசி எடுப்பாகும். மிளகு இடித்துப் போட்டேன். பாதியை அப்படியே வடிகட்டி ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்தேன், மேஜைக்கு வரும் வரை சூடு இறங்காது. மீதிப் பாதியில் நறுக்கிய கழுத்துக்கறி, இரைப்பை, ஈரல், அவித்த முட்டை.

பக்கத்து வீட்டம்மா சோற்றின் மேல் ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை, கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். என் கணவர் அதே சோற்றோடு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டார். மகள் உருளைக்கிழங்கின் நடுவில் குழி பண்ணி அதில் ஊற்றிக்கொண்டாள், வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் அவளைப் பார்த்துக் குழி பண்ணினார்கள். ஃபிளாஸ்க்கை மூன்றுமுறை சாய்த்தாகிவிட்டது.

29 நவம்பர், வெள்ளி

மிச்சம் ஒன்றரை கப்தான். நேற்றே இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். இன்று கொஞ்சம் ஸ்டாக் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்தேன், வெதுவெதுப்பாக்கினால் மட்டும் போதாது, கொதித்தே ஆக வேண்டும். மதியம் மிச்சக் கறியை அதில் போட்டுச் சூடாக்கி ரொட்டித் துண்டின் மேல் ஊற்றிச் சாப்பிட்டோம். எலும்புக்கூடு இப்போது பானையில் இருக்கிறது, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டு மிளகு சூப்பாக மாறப்போகிறது. இதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை, தோழி சொன்ன கரம் மசாலாவைக்கூடப் போடலாம்.

பக்கத்து வீட்டம்மா அளவு கேட்டிருந்தார். இறக்கை 4 பவுண்டு, தண்ணீர் 12 கப், கொழுப்பும் மைதாவும் முக்கால் கப் என்று எழுதிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு அவர் மகன் வீட்டில் விருந்தாம், அதற்குச் செய்யப்போகிறார். இறக்கையை இப்போதே வாங்கி ஃபிரீசரில் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.