இடமா, வலமா? காத்மாண்டு விமானத்தில் ஜன்னல் பிடித்த அனுபவம்

ஜன்னல் சீட் கிடைத்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தப் பக்கத்து ஜன்னல் என்று யாரும் யோசிப்பதில்லை. தில்லியிலிருந்து காத்மாண்டு போக டிக்கெட் எடுத்ததும் நான் முதலில் திறந்தது மேப்பைத்தான். விமானம் கிழக்கே, கொஞ்சம் தெற்குப் பக்கம் சாய்ந்து போகிறது. இமயமலை வடக்கே. கிழக்கு பார்த்து நின்றால் வடக்கு இடக்கைப் பக்கம் வரும். ஆக, இடப்பக்க ஜன்னலான ஏ சீட். (வலப்பக்க ஜன்னல் என்றால் சின்ன விமானங்களில் பெரும்பாலும் எஃப், பெரியவற்றில் கே.)

ஆனால் விமானம் நாம் போடுகிற நேர்கோட்டில் போகாது. அதனால் விமானங்கள் போகும் தடத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் அதே விமான எண்ணைத் தேடி, முந்தைய நாட்களில் அது போன தடங்களைப் பார்த்தேன். வளைவு நெளிவு இருந்தாலும் எல்லாமே மலைத்தொடருக்குத் தெற்கேதான் போயிருந்தன. சந்தேகம் தீர்ந்தது.

அப்புறம் வெயில். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சரியான பக்கத்தில் உட்கார்ந்தும், சூரியன் நேரே கண்ணில் அடித்தால் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்க வேண்டியதுதான். நான் எடுத்தது நவம்பர் மாதக் காலை விமானம். அந்த நேரத்தில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும், அதாவது வலப்பக்கத்தாருக்குத்தான் வெயில். நமக்கு வெளிச்சம் பின்னாலிருந்து போய் மலைமேல் விழும். மழைக்காலம் முடிந்து வானமும் தெளிந்திருக்கும்.

அடுத்தது வரிசை. இறக்கைக்கு மேலே உட்கார்ந்தால் பாதிக் காட்சியை இறக்கையே தின்றுவிடும். அதற்குச் சற்றுப் பின்னால் என்றால் எஞ்சினின் சூடான புகை பட்டு மலை கானல்நீர் போல நெளியும். இறக்கைக்கு முன்னால் உள்ள சீட்டுக்குக் கூடுதல் காசு கேட்டார்கள், கொடுத்தேன். இன்னொன்று: போயிங் 737 விமானங்கள் சிலவற்றில் இடப்பக்கம் ஒரு வரிசைக்கு ஜன்னலே கிடையாது. ஏசி குழாய் அந்தச் சுவருக்குள் ஏறுகிறது. ஜன்னல் சீட் என்று காசு கொடுத்து பிளாஸ்டிக் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சீட் மேப்பில் அதையும் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை. மேகம் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் மேகத்துக்கு அவ்வளவு கூரான விளிம்பு கிடையாது, இடமும் மாறவில்லை. மேற்கிலிருந்து போவதால் முதலில் தௌலகிரி, 8,167 மீட்டர், தனியாக அகன்று நின்றது. அதற்கு அப்பால் ஒரு பெரிய இடைவெளி, காளி கண்டகி ஆறு அறுத்துப் போகும் பள்ளத்தாக்கு. அது தாண்டியதும் அன்னபூர்ணா கூட்டம் தொடங்கியது. அதற்கு முன்னால் தள்ளி நின்ற கூர்முனைதான் மச்சபுச்சரே. பெயர்களை முன்பே வரிசையாகக் குறித்து வைத்திருந்ததால் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. அடுத்து மனாஸ்லு. எவரெஸ்ட் காத்மாண்டுவுக்குக் கிழக்கே இருப்பதால் இந்தப் பயணத்தில் அதை நம்பி உட்காரக் கூடாது.

போட்டோ எடுக்க போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு விழாது. கேமரா வைத்திருந்தால், கூச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். விமான ஜன்னல் அக்ரிலிக்கால் ஆனது, ஃபில்டர் வழியே பார்த்தால் வானவில் கோடுகள் தெரியும்.

காத்மாண்டுவில் இறங்க வரிசையில் காத்திருந்த விமானம் வட்டமடித்தது. அப்போதுதான் வலப்பக்கத்தாருக்கும் மலை தெரிந்தது, அத்தனை போன்களும் வெளியே வந்தன. ஆனால் இந்த வட்டத்தை நம்பி யாரும் சீட் எடுக்க வேண்டாம், எல்லா நாளும் அது இருக்காது. திரும்பி வரும்போது கணக்கு அப்படியே மாறும் என்பதால் எஃப் சீட்டைப் போகும்போதே போட்டு வைத்துவிட்டேன்.