ஏஜென்ட் சர்வரைக் கமாண்ட் லைனில் ஓட்டப் பழகுவது: எதை முதலில் படிக்கலாம்?

ஏஐ கோடிங் ஏஜென்ட்டை (சொன்ன வேலைக்குத் தானே கோடு எழுதி, கமாண்டுகளையும் ஓட்டும் நிரல்) லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு வேலை வாங்குவது சுலபம். அதையே எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வரில் ராப்பகலாக ஓடவிட்டு, தேவைப்படும்போது மட்டும் டெர்மினலில் எட்டிப் பார்ப்பதற்குத் தனியாகப் பழக வேண்டும். இதைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏஜென்ட்டின் கையேட்டைத்தான் முதலில் திறக்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பது என் கருத்து. லினக்ஸைப் பொறுத்தவரை ஏஜென்ட்டும் ஒரு பிராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். அதற்கென்று ஒரு எண் இருக்கும், ஒரு போர்ட்டில் காத்திருக்கும், தன் கீழே வேறு பிராசஸ்களைக் கிளப்பும். எனக்கு வந்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடங்களில்தான் இருந்தன. மாடலைக் குறை சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் குறைவு.

முதல் பாடம் சிக்னல்கள், அதாவது நில், முடி என்று பிராசஸுக்கு அனுப்பப்படும் எண்ணிட்ட குறிப்புகள். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள சர்வரின் டெர்மினலுக்குள் நுழையும் வழி) இணைப்பு அறுந்ததும் ஏஜென்ட்டும் சேர்ந்து சாவதற்குக் காரணம் சிக்-ஹப், அதாவது 1-ஆம் எண் சிக்னல். இணைப்பு போனாலும் டெர்மினல் செஷனைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. கன்ட்ரோல்-பி அழுத்தி, அப்புறம் டி அழுத்தினால் செஷனை விட்டு வெளியே வந்துவிடலாம். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். பழகும் காலத்துக்கு இது போதும். ஆனால் சர்வர் ரீபூட் ஆனால் டிமக்ஸ் செஷன் போய்விடும், விழுந்த பிராசஸை அது தானாக எழுப்பவும் செய்யாது. அதனால் சீக்கிரமே சிஸ்டம்டிக்கு (பின்னணி நிரல்களைச் சர்வீஸ்களாகத் தொடங்கி, கண்காணிக்கும் லினக்ஸ் பகுதி) மாறிவிடுங்கள். உங்கள் கணக்கின் கீழ் ஓடும் யூசர் சர்வீஸாக எழுதினால், லாகின்சிடிஎல் கமாண்டில் லிங்கரை (நீங்கள் வெளியேறிய பின்னும் சர்வீஸ்களை ஓடவிடும் வசதி) எனேபிள் செய்ய மறக்க வேண்டாம். இல்லையென்றால் கடைசி செஷனிலிருந்து நீங்கள் வெளியேறியதும் சர்வீஸும் நின்றுவிடும்.

மாறிய முதல் நாளிலேயே பலருக்கும் வரும் சிக்கல் இது: டெர்மினலில் அடித்தால் ஏஜென்ட் ஓடுகிறது, சர்வீஸாகப் போட்டால் ஓட மறுக்கிறது. டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் உங்கள் பேஷ்-ஆர்சி அமைப்பு ஃபைலை சிஸ்டம்டி படிப்பதில்லை. நோடை (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) என்விஎம் என்ற கருவி மூலம் நிறுவியிருந்தால், அது இருக்கும் பாதை அந்த ஃபைலில்தான் பாத் வேரியபிளில் (நிரல்களைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) சேர்கிறது. நிரலே கிடைக்கவில்லை என்றால் சர்வீஸின் ஸ்டேட்டஸில் 203 வரும். நடுவில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தால் 127 வரும். சர்வீஸை விவரிக்கும் யூனிட் ஃபைலில் நிரலுக்கு முழுப் பாதையைக் கொடுத்து, பாத் வேரியபிளையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

இப்படி நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்களான எக்ஸிட் கோடுகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு உதவுவது அதுதான். கணக்கு எளிது: மேலே சொன்ன 203 போல சிஸ்டம்டியே தரும் எண்களை விட்டுவிட்டால், 128-க்கு மேல் இருப்பதில் பெரும்பாலும் 128-ஐக் கழியுங்கள், மீதி வருவது சிக்னல் எண். 130 என்றால் யாரோ கன்ட்ரோல்-சி அழுத்தியிருக்கிறார்கள். 143 என்றால் சிக்-டெர்ம், முறையாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். 137 என்றால் சிக்-கில், மறுக்க முடியாத கட்டாயக் கொலை. நீங்கள் கொல்லவில்லை என்றால், பெரும்பாலும் மெமரி தீர்ந்து லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் கொன்றிருக்கும். லாகுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் கர்னல் செய்திகளைப் பார்த்தால் எந்தப் பிராசஸ் பலியானது என்று பெயரோடு இருக்கும்.

அங்கே இருப்பது அநேகமாக ஏஜென்ட்டின் பெயராக இருக்காது. மாடல் வேறெங்கோ ஓடுகிறது என்றால் ஏஜென்ட் தின்னும் மெமரி பெரிதல்ல. தின்பது அது கிளப்பிவிட்ட பில்ட், டெஸ்ட், லாங்குவேஜ் சர்வர் எல்லாம்தான். இதில் இன்னொரு விஷயம். சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பில், சர்வீஸுக்குள் எந்த ஒரு பிராசஸ் மெமரிக்காகக் கொல்லப்பட்டாலும் முழு சர்வீஸும் நிறுத்தப்படும். ஒரு டெஸ்ட் செத்ததற்காக ஏஜென்ட்டும் போக வேண்டியதில்லை என்று நினைத்தால் யூனிட் ஃபைலில் ஓஓஎம்பாலிசியை கன்டின்யூ என்று வையுங்கள். கூடவே சர்வீஸ் மொத்தமாக எடுக்கக்கூடிய மெமரிக்கு மெமரிமேக்ஸ் வரம்பும் வையுங்கள். இல்லாவிட்டால் எஸ்எஸ்எச்சில் உள்ளே நுழையக்கூட முடியாத அளவுக்குச் சர்வர் திணறும்.

கில் மைனஸ் 9, அதாவது சிக்-கில் அடிக்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. டெர்மினலிலோ டிமக்ஸிலோ ஓடும் ஏஜென்ட்டை அப்படிக் கொன்றால், அது கிளப்பிய டெவ் சர்வர் (சோதனைக்காக ஓட்டும் சர்வர்) அனாதையாக ஓடிக்கொண்டே இருக்கலாம். மறுபடி தொடங்கினால் அட்ரஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும். போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று எஸ்எஸ் மைனஸ் எல்டிஎன்பி காட்டிக்கொடுக்கும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுத்தால் அந்தச் சர்வீஸின் கீழ் உள்ள எல்லாப் பிராசஸ்களுக்கும் சிக்-டெர்ம் போகும். இயல்பாக 90 விநாடிக்குள் அடங்காவிட்டால்தான் சிக்-கில்.

ஏஜென்ட் மற்ற சர்வர்களிலிருந்து உண்மையிலேயே வேறுபடும் இடம் ரீஸ்டார்ட். வெப் சர்வரைக் கண்ணை மூடிக்கொண்டு ரீஸ்டார்ட் செய்யலாம். ஏஜென்ட் நின்ற நேரத்தில் ஐந்து ஃபைல்களில் மூன்றை மட்டும் மாற்றியிருக்கலாம், டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் பாதி ஓடியிருக்கலாம். எழுப்பிவிட்டால் அது அந்த நிலையையே சரியான நிலை என்று நம்பி மேலே கட்டத் தொடங்கும். அதனால் ரீஸ்டார்ட்டுக்கு முன் கோடில் என்னென்ன மாறியிருக்கிறது என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ், கிட் டிஃப் இரண்டையும் பார்ப்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். தானாக ரீஸ்டார்ட் ஆக விட்டால், இடைவெளியைக் கூட்டுங்கள். இயல்பான இடைவெளி 100 மில்லிவிநாடிதான். 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியாகிவிட்டால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். நெட்வொர்க் ஒரு நிமிடம் படுத்தாலே அந்த ஐந்தும் தீர்ந்துவிடும். ஏபிஐ கீ (மாடலைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியச் சாவி) தவறு என்று 401 வந்தால் எத்தனை முறை எழுப்பியும் பயனில்லை. 429, அதாவது கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன என்றால், பொறுத்திருந்தால் சரியாகிவிடலாம். இந்த இரண்டையும் லாகில் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

பாதுகாப்பில் நான் பிடிவாதம் பிடிப்பது ஒன்றில்தான்: சர்வர் கேட்கும் முகவரியாக 0.0.0.0 (எல்லா நெட்வொர்க்கிலிருந்தும் வரும் இணைப்பை ஏற்கும்) என்று போடாதீர்கள். ஏஜென்ட் சர்வரை எட்டக்கூடிய எவரும் உங்கள் கணக்கின் உரிமையோடு கமாண்ட் ஓட்ட வைக்கலாம். அதாவது அது ஒரு திறந்த ஷெல். 127.0.0.1-ல் (அதே மெஷினுக்குள் இருந்து மட்டும் எட்டக்கூடிய முகவரி) மட்டும் கேட்கவிட்டு, லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் மைனஸ் எல் மூலம் போர்ட்டைக் கொண்டுவந்தால் போதும். டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மைனஸ் பி கொடுத்து வெளியிடும் போர்ட், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அடைத்து வைத்திருந்தாலும் வெளியே தெரியும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்துக் கொடுங்கள்.

கீயை கமாண்டின் ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்தால் அது ஓடும் பிராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் தெரியும். சொந்தக்காரர் மட்டும் படிக்கக்கூடிய 600 அனுமதியுள்ள என்விரான்மென்ட் ஃபைலில் வைப்பது மேல். அப்போதும் ஏஜென்ட், என்விரான்மென்ட் வேரியபிள்களைக் காட்டும் என்வி என்று ஒரு கமாண்ட் ஓட்டினால் கீ அதன் உரையாடலுக்குள் வந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, செலவு வரம்பு போட்ட தனி கீ கொடுங்கள். ஏஜென்ட்டுக்குத் தனி யூசர், சூடோ (நிர்வாகி உரிமை) கிடையாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டு ஏஜென்ட்டுகளை ஒரே ரெப்போவில் (ஒரு திட்டத்தின் கோடு தொகுப்பு) ஓட்டும் ஆசை சீக்கிரமே வரும். ஒரே ஃபோல்டரில் விட்டால் ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கும். கிட் வொர்க்ட்ரீ மூலம் ஆளுக்கொரு ஃபோல்டர், ஆளுக்கொரு பிரான்ச், ஆளுக்கொரு போர்ட் என்று பிரித்துவிடுங்கள். 2015-லிருந்தே கிட்டில் இருக்கும் வசதிதான்.

சரி, இதையெல்லாம் எப்படிப் பழகுவது? படித்தால் மட்டும் கையில் நிற்காது. தூக்கி எறியக்கூடிய ஒரு விர்ச்சுவல் மெஷினில், வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். எஃப்அலோகேட் கமாண்டில் டிஸ்க்கை நிரப்புங்கள். பைத்தானின் எச்டிடிபி சர்வரை வைத்து ஏஜென்ட்டின் போர்ட்டை முன்கூட்டியே பிடியுங்கள். கீயில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். மெமரிமேக்ஸைக் குறைத்து ஒரு பெரிய பில்ட் ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேட்டஸில் என்ன வந்தது, லாகின் கடைசி வரி என்ன என்று எழுதி வையுங்கள். நண்பர் ஒருவர் கெடுத்துவைக்க, நீங்கள் கண்டுபிடிப்பது இன்னும் நல்லது. காரணம் தெரிந்துகொண்டு தேடுவதும் தெரியாமல் தேடுவதும் ஒன்றல்ல.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ் பொருத்தமாக இருக்கும். 2 மணி நேரம் கமாண்ட் லைனிலேயே வேலையைச் செய்துகாட்ட வேண்டிய தேர்வு அது. மேலே சொன்ன பயிற்சிகளைக் கைபடச் செய்தவர்களுக்கு அதில் சர்வீஸ், பிராசஸ் பகுதிகள் பழகிய இடமாகவே இருக்கும். ஸ்டோரேஜ், நெட்வொர்க்கிங் பகுதிகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஏஜென்ட் ஓட்டுவதில் அவை அவ்வளவாகக் கைக்கு வருவதில்லை.