மைனஸ் முப்பதுக்கு எந்த ஆயில்? ஒரு வின்னிபெக் குளிர்காலக் குறிப்பு

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி காலையில் மைனஸ் 30 என்றால் யாருக்கும் அது செய்தியே இல்லை. போன குளிர்காலத்தில் என் பழைய காரின் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுற்றியது. பேட்டரியைச் சோதித்தேன், நல்ல நிலையில்தான் இருந்தது. அதனால் இந்த முறை நவம்பரிலேயே எஞ்சின் ஆயிலைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கார்க் கையேட்டின்படி 10டபிள்யூ-30 என்ற ரக ஆயில் மைனஸ் 18க்கு மேல்தான் ஆகும். இந்த ஊரில் அது செல்லாது. மிச்சம் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-30. பின்னால் இருக்கும் 30ஐ நான் மாற்ற நினைக்கவில்லை. அது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லும் எண். எஞ்சின் சூடானபின் வெளியே பனி கொட்டினாலும் வெயில் அடித்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சூடுதான். குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியது டபிள்யூவுக்கு (வின்டர், அதாவது குளிர்காலம்) முன்னால் இருக்கும் எண்ணை. அது சிறிதாக இருக்க இருக்க, ஆயில் குளிரில் எளிதாக ஓடும்.

எஸ்ஏஇ ஜே300 என்ற தரவரிசைப்படி 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியில் 6200 சென்டிபாய்ஸைத் (பிசுப்பை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30இல் 6600. எண்கள் பக்கத்தில் இருக்கிறதே, பெரிய வித்தியாசம் இல்லையோ என்று தோன்றும். ஆனால் சோதிக்கும் வெப்பநிலையே வேறு. இந்தக் குளிரில் ஐந்து டிகிரி இறங்கினால் ஆயிலின் பிசுப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். ஸ்டார்ட்டருக்கு அது பெரிய சுமை.

சரி, கண்ணாலும் பார்த்துவிடலாம் என்று மூன்று ரகத்தையும் சின்னக் கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி இரவு முழுக்க பால்கனியில் வைத்தேன். காலையில் மைனஸ் 31. சாதாரண மினரல் 10டபிள்யூ-30 ஜாடியைச் சாய்த்தும் அசையவே யோசித்தது. சிந்தெடிக் 5டபிள்யூ-30 மெதுவாக நகர்ந்தது. 0டபிள்யூ-30 கெட்டியாக இருந்தாலும் தயங்காமல் வழிந்தது. மினரல் ஆயிலில் இருக்கும் மெழுகு, மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, குளிரில் படிகமாகிறது. நல்ல சிந்தெடிக்கில் அந்த மெழுகு மிகக் குறைவு.

ஆனால் ஜாடிச் சோதனையை மட்டும் நம்பி ஆயில் வாங்கக்கூடாது. 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், சூ ஃபால்ஸ் என்ற ஊரில், அன்றைய குளிர்ச் சோதனைகளைத் தாண்டிய ஆயிலே எஞ்சின்களைக் கெடுத்தது. மெதுவாகக் குளிர்ந்ததில் ஆயில் கூழாகிவிட்டது. பம்ப் தன் வாயருகே இருந்ததை உறிஞ்சியதும் அங்கே பள்ளம் விழுந்தது. சுற்றியிருந்த ஆயில் வந்து அதை நிரப்பவில்லை. பம்புக்குக் காற்றுதான் கிடைத்தது. அதற்கப்புறம்தான் ஆயிலை ஏறக்குறைய இரண்டு நாள் மெதுவாகக் குளிரவைத்துப் பார்க்கும் எம்ஆர்வி சோதனை முறை வந்தது. 0டபிள்யூ என்றால் மைனஸ் 40இலும் 60,000 சென்டிபாய்ஸுக்குள் நின்று பம்ப் ஆகவேண்டும். 5டபிள்யூவுக்கு அந்தச் சோதனை மைனஸ் 35இல். ஆயில் தயாரிப்பாளரின் தகவல் தாளில் உறைநிலையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைவிட இந்த எம்ஆர்வி எண்ணைத் தேடிப் பார்ப்பதுதான் உபயோகம்.

சிந்தெடிக் 0டபிள்யூ-30 வாங்கினேன். ஃபில்டரையும் மாற்றினேன். பேட்டரியை வேண்டுமென்றே மாற்றவில்லை, மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

ஜனவரியில் கடுங்குளிர் வந்த ஒரு காலை, எஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைச் செருகாமல் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் போன வருடத்தைவிடத் தெளிவாகச் சுறுசுறுப்பாகச் சுற்றியது. ஆயில் அழுத்தம் வரும்வரை எரியும் ஆயில் லைட் அணைவதைப் போனில் எடுத்து, போன வருட வீடியோவோடு ஒப்பிட்டேன். சீக்கிரமே அணைகிறது. எனக்கு உண்மையான சந்தோஷம் அதில்தான். எஞ்சின் உயிர்பெறுவதோடு வேலை முடிவதில்லை, எஞ்சினின் தலைப்பகுதியில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஆயில் போய்ச் சேரவேண்டுமே.

இடையில் ஒன்று: வானிலை அறிக்கையில் காற்றோடு சேர்த்து மைனஸ் 45 என்று வந்தால் ஆயிலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். காற்று ஆயிலைச் சீக்கிரம் குளிரவைக்கும், அவ்வளவுதான். தெர்மாமீட்டர் காட்டும் அளவுக்குக் கீழே அது போகாது.

0டபிள்யூ ஊற்றியாயிற்று என்று பிளாக் ஹீட்டரை நான் விட்டுவிடவில்லை. டைமர் வைத்து விடியலுக்கு முன் சில மணி நேரம் ஓடவிடுகிறேன். அது எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட் திரவத்தைத்தான் சூடாக்கும். கீழே சம்பில் (ஆயில் தேங்கும் தொட்டி) கிடக்கும் ஆயிலுக்குக் கொஞ்சம்தான் சூடு சேரும். ஆகவே இரண்டும் வேண்டும்.

கடைக்கும் வேலைக்கும் மட்டும் ஓட்டியதில், ஆயில் மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் கிரீம் மாதிரி படிந்தது. எஞ்சின் சரியாகச் சூடாகாமல் நீராவி உள்ளேயே தங்குவதால் வருவது அது. எந்த ஆயில் ஊற்றினாலும் குட்டிக் குட்டி ஓட்டத்துக்கு இது உண்டு. இப்போது வார இறுதியில் பெரிமீட்டர் நெடுஞ்சாலையில் அரைமணி நேரமாவது ஓட்டுகிறேன், படிவு குறைந்திருக்கிறது. கூலன்ட் அளவையும் பார்த்துக்கொள்கிறேன், அது இறங்கினால், கூலன்ட் ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வசந்தத்தில் வேறு ஆயிலுக்கு மாறப்போவதில்லை, சூட்டில் இதுவும் 30தான். அடுத்ததாக சம்புக்கு அடியில் ஒட்டும் ஹீட்டர் பேட் ஒன்றைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.